மலை டிரவுட்டும் டாலா ஆற்று உள்ளம் மீனும்: போட்டித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

மீன்வளப் பாடத்தில் பெயரையும் ஆண்டையும் மட்டும் உருப்போட்டுச் செல்பவர்களுக்குக் ‘கூற்று, காரணம்’ வகைக் கேள்வியில்தான் மதிப்பெண் போகிறது. அதனால் இந்தக் குறிப்புகள் டிரவுட் இல்லாத ஓர் ஊரிலிருந்து தொடங்குகின்றன. மியான்மரின் யாங்கூன் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் டாலாதான் அந்த ஊர். அங்கே டிரவுட் ஏன் இல்லை என்று சொல்லத் தெரிந்தால் நீலகிரியில் ஏன் இருக்கிறது, இலங்கையின் நுவரெலியாவுக்கு எப்படி வந்தது என்பதையெல்லாம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த மீனைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். தண்ணீரின் வெப்பம் எவ்வளவு? கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே அதன் வழி திறந்திருக்கிறதா?

டாலா: இடமும் ஆறும்

• யாங்கூன் ஆற்றின் தென்கரையில் உள்ளது. நகரத்தின் பன்சோடன் துறையிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து வரலாம். 2014-இல் ஜப்பான் வழங்கிய ‘செர்ரி’ படகுகள் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர்களில் ஒன்று.

• லைங் ஆறும் பாகோ ஆறும் சேர்ந்து யாங்கூன் ஆறாகி, மார்த்தபான் (மொட்டமா) வளைகுடாவில் கலக்கின்றன. ட்வான்டே கால்வாய் இந்த ஆற்றை ஐராவதியோடு இணைக்கிறது.

• ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி தொடங்கிய ஆண்டு 1865. அதன் கப்பல் பட்டறை டாலாவில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது கம்பெனி தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது.

• முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் 1824–26. யாண்டபூ உடன்படிக்கை 1826. இரண்டாம் போர் 1852. மூன்றாம் போர் 1885. பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட நாள் 1937 ஏப்ரல் 1. அதற்கு அடிப்படை 1935-ஆம் ஆண்டுச் சட்டம். 1937-க்கு முன்பு வெளியான மீன்வள அறிக்கைகளில் இந்தியாவும் பர்மாவும் ஒன்றாகவே பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

இனி ஆற்றைப் பாருங்கள். டாலா கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி. ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது, அதனால் நீர் சில மணி நேரம் கடல் நோக்கியும் சில மணி நேரம் மேல்நோக்கியும் ஓடுகிறது. வண்டல் நிறைந்து பழுப்பாக இருக்கும். ஏப்ரலில் பகல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் வரை போகும். பகல், இரவு சராசரி ஏறத்தாழ 30. டிரவுட்டுக்கு வேண்டியதெல்லாம் இதற்கு நேர் எதிரானவை: குளிர்ந்த, தெளிந்த, ஒரே திசையில் ஓடும் நீரும், அடியில் கூழாங்கல்லும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். டாலாவின் ஏப்ரல் சராசரி 30. உதகமண்டலத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 2.24-ஐ 6.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14.5, அதை 30-இலிருந்து கழித்தால் 15.5. டிரவுட் நன்றாக வளரும் வெப்பம் இதுதான். நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கும் நீலகிரியில் ஐரோப்பிய மீன் வாழ முடிவதற்கு உயரமே காரணம். நிலநடுக்கோடு கடந்து செல்லும் கென்யாவிலும் 1905-இல் மலை ஆறுகளில் டிரவுட் விடப்பட்டது. அங்கும் காரணம் இதேதான். அட்சரேகையை மட்டும் பார்த்துத் தட்பவெப்பத்தைச் சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு கணக்கே திருத்திவிடும்.

டிரவுட்: அறிவியல் குறிப்புகள்

• குடும்பம்: சால்மோனிடே. சால்மன் மீனும் இதே குடும்பம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே முள் இல்லாத சிறிய கொழுப்புத் துடுப்பு இருக்கும்.

• பழுப்பு டிரவுட்: சால்மோ ட்ரூட்டா. தாயகம் ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகள்.

• வானவில் டிரவுட்: ஆங்கோரிங்கஸ் மைகிஸ். தாயகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையும் ரஷ்யாவின் கம்சட்காவும். 1989 வரை இதன் பெயர் சால்மோ கெய்ர்ட்னெரி. பழைய வினாத்தாள்களில் அந்தப் பெயரே இருக்கும்.

• உகந்த நீர் வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி. 20-ஐத் தாண்டினால் துன்பம் தொடங்கும். 25-ஐ ஒட்டி நெடுநேரம் நீடித்தால் உயிருக்கே ஆபத்து.

• பெண் மீன் வாலால் கூழாங்கல்லை ஒதுக்கிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். கற்களின் இடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டை பிழைக்கும். 10 டிகிரி நீரில் வானவில் டிரவுட் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சு சில வாரம் வயிற்றில் உள்ள கருவுணவுப் பையைக் கொண்டே வாழும்.

ஆக்சிஜன் பற்றிய கேள்வியை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். கடல்மட்டத்தில் 10 டிகிரி நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.5. ‘சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும், அதனால் டிரவுட் சாகும்’ என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். அது பாதி விடைதான். மீன் குளிர்இரத்த விலங்கு. நீர் சூடாக ஆக அதன் உடல் இயக்கமும் வேகமெடுக்கும், ஆக்சிஜன் தேவையும் கூடும். வரவு குறையும் நேரத்திலேயே செலவு ஏறுகிறது. இதையும் சேர்த்து எழுதினால் விடை முழுமை பெறும். மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். நீரில் கரையும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். நீரின் குளிர்ச்சியும் பாறையில் மோதி நுரைத்து ஓடுவதும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. அணையில் நீர் தேங்கி வெயிலில் காய்ந்தால் இந்த இரண்டு நன்மையும் போய்விடும்.

கோடையும் ஈத்தூண்டிலும்

ஈத்தூண்டில் (ஃப்ளை ஃபிஷிங்) என்பது புழுவோ மாவோ வைக்காமல், இறகும் நூலும் ரோமமும் கொண்டு தூண்டில் முள்ளில் பூச்சி போலக் கட்டிய பொய் இரையை வீசிப் பிடிக்கும் முறை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் இரைக்கு எடையே இல்லை. கனமான நூலை வளையமாகச் சுழற்றி வீச, அந்த நூல் இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் முறை முழுவதும் விளங்கும்.

• மிகப் பழைய குறிப்பு: கி.பி. 2–3-ஆம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியர்கள் செந்நிறக் கம்பளி சுற்றிய முள்ளால் புள்ளி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார்.

• ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ 1653. அதில் ஈத்தூண்டில் பற்றிய பகுதியைச் சார்லஸ் காட்டன் 1676-இல் சேர்த்தார்.

• சென்னை மாகாணத்துக்குரிய நூல்: ஹெச்.எஸ். தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’, 1873. தாமஸ் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். அவருடைய பெரும் விருப்பம் நம் நாட்டு மஹ்சீர் மீன்.

டிரவுட் உண்ணும் பூச்சிகளில் மூன்று வரிசைகள் முக்கியம்: எஃபிமெராப்டெரா (மேஃப்ளை), ட்ரைகாப்டெரா (கேடிஸ்ஃப்ளை), ப்ளெகாப்டெரா (ஸ்டோன்ஃப்ளை). மூன்றும் இளம்பருவத்தை நீரடிக் கற்களில் கழித்து, முதிர்ந்ததும் வெளியே பறப்பவை. நீரடிப் பருவத்தைப் போலக் கட்டுவது நிம்ஃப். மேலே மிதக்கும் பூச்சி போலக் கட்டுவது உலர் ஈ. இந்தப் பூச்சிகள் நீர்த் தூய்மைக்கான உயிரிக் குறியீடுகள் என்பதால் சுற்றுச்சூழல் பாடத்திலும் வரும். மூன்று பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து இ.பி.டி. குறியீடு என்பார்கள்.

‘கோடை’ என்ற சொல் எல்லா மலையிலும் ஒரே நிலையைக் குறிக்காது. நீலகிரியில் மார்ச் முதல் மே வரை ஓடைகள் மெலிந்து தெளிந்திருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் பெருகிக் கலங்கும். காஷ்மீரில் மே, ஜூன் மாதங்களில் பனி உருகிப் பெரிய ஆறுகள் புரண்டு ஓடும். கோக்கர்நாக் போன்ற ஊற்று நீர் ஓடைகள் மட்டும் தெளிவாக இருக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜூலை, ஆகஸ்டுதான் நீர் குறைந்து சூடேறும் காலம்.

நீர் குறைந்த கோடையில் விடியலும் மாலையும்தான் தூண்டில் போடும் நேரம். மீன் ஆழமில்லாத நுரையோட்டங்களிலும் கரையோர நிழலிலும் ஒதுங்கும். கரைப்புல்லிலிருந்து காற்று தள்ளிவிடும் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு ஆகியவை அப்போது அதன் உணவு; அந்த உருவில் கட்டிய ஈயே எடுபடும். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்பதால் கீழிருந்து மேலாக, பின்புறமாக நெருங்க வேண்டும்.

இயற்பியல் மாணவர்களுக்கும் இங்கே பாடம் உண்டு. நீரின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 டிகிரி. அதனால் நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கும். தூண்டில்காரர் குனிந்து நகர்வது இதனால்தான்.

நீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலை மடக்கிவிட வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும், சூடான நீரில் போராடிக் களைத்த மீன் பிறகு இறந்துபோகும். இது சட்டமாக இல்லாத இடங்களிலும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு என்றே கருதுகிறேன். எதிர்முள் இல்லாத கொக்கி, நனைத்த கை, மீனை நீரை விட்டு வெளியே எடுக்காமல் விடுவித்தல் ஆகியவையும் இதோடு சேர்ந்தவை.

தெற்காசியாவுக்கு டிரவுட் வந்த வரலாறு

முட்டையைக் கப்பலில் கொண்டுவருவதுதான் பெரிய சிக்கல். 1864-இல் ‘நார்ஃபோக்’ என்ற பாய்மரக் கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே பாசியில் பொதிந்து முட்டைகள் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போயின, டாஸ்மேனியாவில் பொரித்தன. தென்கோளத்தின் முதல் டிரவுட்டுகள் அவைதான். கருவின் கண் கரும்புள்ளியாகத் தெரியத் தொடங்கிய முட்டை குளிர்ச்சியில் பயணத்தைத் தாங்கும் என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை அறிவு.

• ஃபிரான்சிஸ் டே (1829–1889): மதராஸ் படையின் மருத்துவர். 1863-இல் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. பிறகு மீன்வளத் தலைமை ஆய்வாளரானார். இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கை 1873. ‘தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா’ 1875–78. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றின் மீன்களும் அந்த நூலில் அடக்கம். நீலகிரி ஓடையையும் டாலா ஆற்றையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தவர் என்று இவரை நினைவில் வையுங்கள்.

• நீலகிரி: நீலகிரி வேட்டைச் சங்கம் 1877, நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879. சென்னை மாகாண மீன்வளத் துறை 1907-இல் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் உருவானது. கூட்டுறவுப் பாடத்தில் 1895, 1897 அறிக்கைகளுக்காக நீங்கள் படிக்கும் அதே நிக்கல்சன்தான் இவர். அவலாஞ்சி குஞ்சுப் பொரிப்பகத்தை 1907-இல் அமைத்தவர் ஹெச்.சி. வில்சன். இங்கே வேரூன்றியது வானவில் டிரவுட். பழுப்பு டிரவுட் அல்ல.

• இலங்கை: நுவரெலியாப் பகுதிக்குப் பழுப்பு டிரவுட் 1880-களில் வந்தது, வானவில் டிரவுட் 1899-இல். சிலோன் ஃபிஷிங் கிளப் 1896. மலையகத் தமிழர் வாழும் தேயிலை நாட்டின் நெற்றியில் இருக்கும் ஹார்டன் சமவெளி ஓடைகளில் வானவில் டிரவுட் தானாகவே இனப்பெருக்கம் செய்தது.

• காஷ்மீர்: 1899-இல் வந்த முட்டைகள் வழியில் அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பொரித்தன. முன்னின்றவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய எஃப்.ஜே. மிட்செல். இடம்: ஹர்வான். லிடர், பிரிங்கி, சிந்து நாலா ஆகியவை அறியப்பட்ட டிரவுட் ஆறுகள். (சிந்து நாலா வேறு, சிந்து நதி வேறு.)

• இமாச்சலம்: காஷ்மீர் முட்டைகளிலிருந்து 1909, குல்லு, ஜி.சி.எல். ஹவெல். தீர்த்தன், ஊல் (பாரோட்), சைஞ்ச்.

• ஆய்வு நிறுவனம்: ‘குளிர்நீர் மீன்வளத்துக்கான தேசிய ஆய்வு மையம்’ என்ற பெயரில் 1987-இல் தொடங்கியது, இருப்பிடம் உத்தராகண்டின் பீம்தால்.

அவலாஞ்சி பற்றி இன்னும் சில வரி. குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியுடன் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் அதைச் சேர்ந்தவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கூழாங்கல் குழியில் முட்டையிடும் மீனுக்கு அப்படியொரு வெள்ளம் என்ன செய்யும் என்று யோசித்தால், பொரிப்பகம் இன்றி இந்த மீன் நிலைப்பது கடினம் என்பது புரியும். பொரிப்பகத்தில் சினை முற்றிய மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தைச் சேர்ப்பார்கள். நம் கெண்டை வகைகள் குளத்தில் தாமாக முட்டையிடாததால் பிட்யூட்டரி ஊசி தேவைப்பட்டது. 1957 ஜூலை 10-இல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரியும் கே.ஹெச். அலிகுன்ஹியும் வென்ற முறை அது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

டாலா ஆற்றின் மீன்: உள்ளம்

குளிர்மலைக்கு டிரவுட் போல, யாங்கூன் ஆறும் ஐராவதியும் கால்வாயால் இணையும் இந்த ஓதநிலத்துக்கு உள்ளம் மீன். ஹில்சா என்றும் இலிஷ் என்றும் சொல்வார்கள். பர்மிய மொழியில் ஙத்தலௌக். அறிவியல் பெயர் டெனுவாலோசா இலிஷா. இதை முதலில் விவரித்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் (புக்கானன்), 1822-இல் வெளிவந்த கங்கை மீன்கள் நூலில். 1795-இல் மைக்கேல் சைம்ஸ் தூதுக்குழுவோடு ஆவா சென்றவரும், 1800-இல் மைசூர், மலபார் பயணம் செய்தவரும் அதே புக்கானன்தான்.

• கடலில் வளர்ந்து, ஆற்றில் ஏறி நன்னீரில் முட்டையிடும் மீன், இத்தகையவை அனட்ரோமஸ். சால்மனும், கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் வகைகளும் இதே பழக்கம் உள்ளவை.

• வங்கதேசத்தின் தேசிய மீன். மேற்கு வங்கத்தின் மாநில மீன்.

• முள் மிகுதி. மியான்மரில் முள் கரையும் அளவுக்கு நெடுநேரம் சிறுதீயில் வேகவைப்பார்கள்.

இங்கேதான் தமிழ்நாட்டு மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. உள்ளம் ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்த மீன். அவலாஞ்சியில் டிரவுட் பொரித்த அதே வில்சன் 1909-இல் கொள்ளிடத்தில் உள்ளம் மீன் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். அந்நிய மீனை மலையில் குடியேற்றியதும் நம் மீனை ஆற்றில் காக்க முயன்றதும் ஒரே துறை, ஒரே மனிதர், சில ஆண்டு இடைவெளி. முன்னது இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் வருகிறது, பின்னதை யாரும் பேசுவதில்லை. எனக்கு இது வருத்தம் தருகிறது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உள்ளத்தின் வரத்து வீழ்ந்தது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் அதற்கு மேலேயும் இதே கதை. தண்ணீர் ஏற்றதாக இருந்தும் வழி அடைபட்டது. ஓதம் தடையின்றி ஏறி இறங்கும் டாலாவில் அந்த வழி திறந்தே இருக்கிறது.

பாதுகாப்பும் சட்டமும்

• இந்திய மீன்வளச் சட்டம் 1897: வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கிறது.

• பர்மா மீன்வளச் சட்டம் 1905. மியான்மரின் நன்னீர் மீன்வளச் சட்டம் 1991. ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும் நீர்நிலைகளுக்கு அங்கே ‘இன்’ என்று பெயர்.

• முக்கூர்த்தி: சரணாலயம் 1982, தேசியப் பூங்கா 1990, பரப்பு 78.46 சதுர கி.மீ. வரையாட்டுக்குப் பெயர்பெற்றது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986, இந்தியாவில் முதலாவது.

• ஹார்டன் சமவெளி: தேசியப் பூங்கா 1988, இலங்கை மத்திய மலைநாட்டின் பகுதியாக உலகப் பாரம்பரியத் தகுதி 2010.

• உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் உள்ளன. ஹார்டன் சமவெளிக்கே உரிய லங்காரிஸ் சிங்கலென்சிஸ் என்ற நன்னீர் இறாலுக்கு இந்த மீனால் ஆபத்து என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

• கூன்முதுகு மஹ்சீர் (டோர் ரெமாதேவி): காவிரி வடிநிலத்துக்கே உரியது, 2018 முதல் ‘மிக அருகிய’ வகை. எஞ்சியிருக்கும் இடங்களில் நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாறு முக்கியமானது. காவிரியின் துணையாறான கபினியில் 1946-இல் 120 பவுண்டு எடையில் தூண்டிலுக்குச் சிக்கியது இந்த இனம்.

டிரவுட்டுக்குப் பூட்டுக்காலம் குளிர்காலம். முட்டையிடும் பருவம் என்பதால் இமாச்சலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தூண்டிலுக்குத் தடை. உள்ளத்துக்கு வங்கதேசம் விதிக்கும் 22 நாள் தடை அக்டோபரை ஒட்டி வரும். சினை மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் திரளும் நாட்கள் அவை.